எந்தப் போரின் தொப்பி? ஜெர்மன் மாலுமித் தொப்பியின் காலத்தை அறிவது



1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்ற ஒரு ஜெர்மன் போர்க்கப்பல், கரையில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டு இருளில் மறைந்தது. கார்ல் ஃபொன் ம்யூலர் தலைமையில் வந்த அந்த எம்டன் கப்பலைச் சென்னை இன்றும் மறக்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 9-ஆம் தேதி, கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியிடம் அது தோற்று அழிந்தது.

கப்பல் அழிந்தாலும் பெயர் அழியவில்லை. 1916-இல் ஜெர்மன் பேரரசின் கடற்படையில் இன்னொரு எம்டன் சேர்ந்தது. 1925-இல் வைமார் குடியரசின் கடற்படைக்கு ஒரு புதிய எம்டன் வந்தது. அது ஹிட்லர் ஆட்சியிலும் தொடர்ந்து, 1945-இல் கீல் அருகே தன் முடிவைக் கண்டது. 1961-இலும் 1983-இலும் மேற்கு ஜெர்மனி தன் ஃப்ரிகேட் வகைக் கப்பல்களுக்கு அதே பெயரைச் சூட்டியது. ஆக, முன்புறத்து நாடாவில் 'எம்டன்' என்று பொன்னிற எழுத்து மின்னும் ஒரு மாலுமித் தொப்பி ஏலக்கூடத்துக்கு வந்தால், அது எந்த எம்டன்? சென்னையைச் சுட்ட கப்பலா, பின்னாளில் ஜெர்மன் கடற்படைத் தளபதியான டோனிட்ஸ் 1934-இல் தலைமையேற்ற கப்பலா, பனிப்போர்க் காலத்து நேட்டோ கப்பலா? இந்தக் கேள்விக்கு விடை காணும் முறைதான் இன்றைய பேச்சின் பொருள்.

விடையைவிட முறை முக்கியமானது. அதன் அடிப்படையை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு தொப்பி பிற்காலத்தது என்பதை ஒரே ஒரு நூலிழை நிரூபித்துவிடும். அது போர்க்காலத்தது என்பதையோ எந்த ஒற்றை அடையாளமும் நிரூபிக்காது. பல சாட்சிகள் ஒரே திசையில் பேசினால்தான் நம்பலாம். இதை மறந்தவர்கள்தான் போலிகளுக்குப் பெரும்பணம் கொடுக்கிறார்கள்.

முதலில் தொப்பியின் வடிவத்தைப் பார்ப்போம். முன்னால் மறைப்பு இல்லாமல், மேலே தட்டுப் போல் விரிந்து, நெற்றியைச் சுற்றிப் பட்டையும், பட்டைமேல் கட்டிய கறுப்பு நாடாவும், பின்னால் தொங்கும் அந்த நாடாவின் இரு முனைகளும் கொண்டது இந்தத் தொப்பி. ஜெர்மானியர் இதைத் 'தட்டுத் தொப்பி' என்றே அழைக்கிறார்கள். பேரரசு 1918-இல் வீழ்ந்தது. அதன்பின் வந்த குடியரசுக் கடற்படை 1935-இல் 'க்ரீக்ஸ்மரீன' என்று பெயர் மாறி, 1945 வரை போரிட்டது. 1956-இல் மேற்கில் 'புண்டஸ்மரீன' பிறந்தது. கிழக்கில் உருவான படைக்கு 1960-இல் 'ஃபோல்க்ஸ்மரீன' என்ற பெயர் கிடைத்தது; அது 1990-இல் ஜெர்மனி ஒன்றானபோது கலைந்தது. கொடியும் அரசும் கொள்கையும் மாறின. மாலுமியின் தலையில் இருந்த தட்டு மட்டும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஆகவே வடிவத்தைப் பார்த்துக் காலம் சொல்ல முற்படுவது வீண். போலி செய்பவர்களுக்கும் இந்த ஒற்றுமைதான் முதலீடு. பிற்காலத் தொப்பியை மலிவாக வாங்கி, சின்னத்தை மாற்றி, நாடாவை மாற்றி, போர்க்காலத் தொப்பி என்று விற்றுவிடுகிறார்கள்.

வடிவம் பேசாத இடத்தில் நாடா பேசும். பேரரசுக் காலத்து நாடாவில் லத்தீன் பெரிய எழுத்துகளில், மன்னரின் கப்பல் என்பதற்கான மூன்று எழுத்துச் சுருக்கமும் கப்பலின் பெயரும் இருக்கும். க்ரீக்ஸ்மரீன காலத்து நாடாவில் இருப்பது ஃப்ராக்டூர் எனப்படும் பழைய ஜெர்மன் முறுக்கெழுத்து. 1930-களில் அந்த எழுத்தில் கப்பலின் வகையும் பெயரும் சேர்ந்தே இடம்பெற்றன: 'பன்ஸர்ஷிஃப் (கவசக் கப்பல்) அட்மிரால் கிராஃப் ஷ்பே' என்பது ஒன்று, 1935-இல் டோனிட்ஸ் தலைமையில் தொடங்கிய முதல் நீர்மூழ்கி அணியின் 'வெடிகன்' நாடா மற்றொன்று. போர் நெருங்கியதும் இந்த வழக்கம் நின்றது. விடுப்பில் வந்த மாலுமியின் நெற்றியைப் படித்தே எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று ஒற்றர்கள் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? அதனால் எல்லோர் தலையிலும் 'க்ரீக்ஸ்மரீன' என்ற ஒற்றைச் சொல் ஏறியது. பிரிட்டிஷ் கடற்படையும் இதே காரணத்துக்காகக் கப்பல் பெயரை நீக்கி, 'அரசரின் கப்பல்' என்பதற்கான மூன்று எழுத்துகளை மட்டும் நாடாவில் விட்டுவைத்தது.

இந்த ஒரு விவரத்தைத் தெரிந்துகொண்டாலே ஏலப்பட்டியலின் பல பக்கங்கள் சந்தேகத்துக்குரியவை ஆகிவிடும். பிஸ்மார்க் போர்க்கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். அது கடற்படையில் சேர்ந்தது 1940 ஆகஸ்ட் 24-இல். மூழ்கியது 1941 மே 27-இல். அதில் இருந்த சுமார் 2,200 பேரில் உயிர் பிழைத்தவர்கள் 120 பேர்கூட இல்லை. கப்பல் பெயரை நாடாவிலிருந்து எடுத்துவிட்ட பிறகு சேவைக்கு வந்த கப்பல் அது. அதன் மாலுமிகளோ உடுத்த உடையோடு கடலில் விழுந்தவர்கள். அப்படியிருக்க 'பிஸ்மார்க்' என்று பொன்னெழுத்தில் நெய்த நாடாக்கள் சந்தைக்கு எங்கிருந்து வருகின்றன? 1941 பிப்ரவரியில் சேர்ந்த டிர்பிட்ஸ் கப்பலுக்கும் இதே கேள்வி பொருந்தும். புகழ்பெற்ற பெயர் என்றாலே ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

பெயருக்கு முன்னால் நிற்கும் வகைச்சொல்லையும் படிக்க வேண்டும். க்ரீக்ஸ்மரீன தன் கப்பல் எதையும் 'ஃப்ரிகேட்' என்று வகைப்படுத்தவில்லை. எனவே 'ஃப்ரிகேட் எம்டன்' என்ற நாடா போருக்குப் பிந்தியது, விவாதமே தேவையில்லை. 'க்ரூய்ஸர்', அதாவது குரூசர் எம்டன் என்றிருந்தால் மேற்கொண்டு ஆராயலாம். 'ட்ஸெர்ஷ்டோரர்', அதாவது நாசகாரிக் கப்பல் என்ற சொல் இரு காலத்துக்கும் பொது; இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 'லுட்யென்ஸ்', 'ம்யோல்டர்ஸ்', 'ரோம்மெல்' என்ற பெயர்களைக் கேட்டவுடன் இரண்டாம் உலகப்போர் நினைவுக்கு வருகிறது. பிஸ்மார்க்கோடு இறந்த கடற்படைத் தளபதி லுட்யென்ஸ். விமானப்படை வீரர் ம்யோல்டர்ஸ். பாலைவனப் போரின் ரோம்மெல். ஆனால் இப்பெயர்களைத் தாங்கிய மூன்று நாசகாரிகளும் அமெரிக்காவில் கட்டப்பட்டு, 1969-இலும் 1970-இலும் மேற்கு ஜெர்மனியின் சேவைக்கு வந்தவை. ம்யோல்டர்ஸ் இன்று வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் கடற்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது; ஏறிப் பார்க்கலாம்.

இன்னும் சிக்கலானது 'கோர்ஹ் ஃபோக்' பாய்மரப் பயிற்சிக் கப்பல். முதல் கப்பல் 1933-இல் கட்டப்பட்டு, 1945 மே மாதம் ஷ்ட்ரால்ஸுண்ட் அருகே மூழ்கடிக்கப்பட்டது. இரண்டாவது, ஹாம்பர்க் நகரின் ப்ளோம் உண்ட் ஃபோஸ் கட்டுமானத் தளத்தில் உருவாகி 1958-இல் சேவைக்கு வந்தது. பெயரும் பணியும் ஒன்று. இடையே ஒரு பெரும்போர். இங்கே பெயர் எதையும் தீர்த்துவைக்காது. நாடாவின் நெசவு, நூல், தொப்பியின் உள்புறம் ஆகியவற்றிடம்தான் கேட்க வேண்டும்.

எழுத்திலேயே மாட்டிக்கொள்ளும் போலிகளும் உண்டு. ஃப்ராக்டூரில் 'ஸ்' ஒலிக்கு இரண்டு வடிவங்கள்: சொல்லின் நடுவில் நீண்ட வடிவம், சொல்லின் இறுதியிலும் கூட்டுச்சொல்லின் முதற்பகுதி முடியும் இடத்திலும் வளைந்த குறு வடிவம். 'க்ரீக்ஸ்' என்ற பகுதி முடியும் இடத்தில் வருவதால் அந்த நாடாவில் குறு வடிவமே சரி. இலக்கணம் அறியாத தொழிற்கூடம் நீண்ட வடிவத்தைப் போட்டுவிட்டால் அங்கேயே கதை முடிந்தது. நாஜி அரசு 1941 ஜனவரியில் ஃப்ராக்டூரைக் கைவிடும்படி சுற்றறிக்கை விட்டதே, ஆகவே போர்க்கால நாடாவில் லத்தீன் எழுத்துதானே இருக்க வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. மாலுமிகளின் நெற்றியில் பழைய எழுத்தே தொடர்ந்தது.

அடுத்தது சின்னம். க்ரீக்ஸ்மரீன தொப்பியின் முன்புறத்தில், இறக்கை விரித்து ஸ்வஸ்திகாவைப் பற்றிய கழுகு இருக்கும். அதன் கீழே வண்ண வட்டம் ஒன்று. கடற்படையின் கழுகு பொன்னிறம். தரைப்படையின் கழுகு வெள்ளி, சாம்பல் நிறங்களில் அமைந்தது. வண்ண வட்டத்தில் வெளியே கறுப்பும் இடையே வெள்ளையும் நடுவே சிவப்பும் இருக்கும். போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மன் வட்டத்தில் கறுப்பு, சிவப்பு, பொன். ஸ்வஸ்திகாக் கழுகுக்கு அங்கே இடமே இல்லை. கிழக்கு ஜெர்மனியின் அரசுச் சின்னத்தில் சுத்தியலும் கவராயமும் கதிர்வளையமும் இருக்கும். இவ்வளவு தெளிவாக வேறுபாடு இருக்கும்போது குழப்பம் ஏன் வருகிறது? சின்னத்தைக் கழற்றி மாட்டிவிடலாம் என்பதால்தான். எனவே சின்னத்தின் முகத்தைவிட அதன் முதுகையும், அதற்குப் பின்னால் இருக்கும் துணியையும் பார்ப்பதே அறிவுடைமை.

பல ஆண்டுகள் ஒரே இடத்தில் இருந்த உலோகச் சின்னத்தின் கீழே துணியின் நிறம் வெளிறாமல் இருக்கும். முள் குத்திய துளைகளின் ஓரம் தளர்ந்து, துரு அல்லது பச்சைக் களிம்பேறிய கறை உள்துணிக்கும் இறங்கியிருக்கும். கழுகின் கீழே வெளிறாத பகுதி வேறு உருவத்தில் இருந்தாலோ, துளைகள் நேற்றுக் குத்தியவை போல் கூர்மையாக இருந்தாலோ, அந்தக் கழுகு அந்தத் தொப்பியில் பிறந்ததன்று. போரின் பிற்பகுதியில் நல்ல பித்தளை தட்டுப்பாடானதால், மட்டமான உலோகத்தில் தகடு அடித்துப் பொன்னிறம் பூசினார்கள். அப்படிப்பட்ட சின்னத்தில் பூச்சு உதிர்ந்து அடியுலோகம் தெரிவது இயல்பு. 80 ஆண்டு கழித்தும் பளபளவென்று மின்னுவதுதான் விளக்கம் கேட்கும்.

இனி தொப்பியைத் திருப்புங்கள். உண்மை பெரும்பாலும் உள்ளேதான் இருக்கிறது.

கீல், வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் ஆகிய இரு தளங்களிலும் கடற்படைக்கு உடை வழங்கும் அலுவலகங்கள் இருந்தன. 'பி.ஏ.கே.' என்ற முத்திரை கீலையும் 'பி.ஏ.வே.' என்ற முத்திரை வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனையும் குறிக்கும். மாலுமிகள் தங்கள் பெயரையும் பதிவெண்ணையும் மையால் எழுதிக்கொண்டார்கள். வடகடல் பிரிவுக்கு 'என்', பால்டிக் பிரிவுக்கு 'ஓ' என்று தொடங்கி, ஓர் எண்ணும், சேர்ந்த ஆண்டும், முடிவில் பணிப்பிரிவைக் காட்டும் எழுத்தும் அந்தப் பதிவெண்ணில் இருக்கும். 1942-க்குப் பிறகு தயாரிப்பாளரின் பெயருக்குப் பதிலாக, சுழியத்தில் தொடங்கிச் சாய்கோடுகளால் பிரிக்கப்பட்ட ஆலை எண் வரத் தொடங்கியது. தொழிற்சாலையின் இடம் எதிரிக்குத் தெரியாமல் மறைக்க அந்த எண் உதவியது. ஆகவே 1936-இல் செய்த தொப்பி என்று சொல்லப்படும் ஒன்றில் இந்த ஆலை எண் இருந்தால், இரண்டில் ஒன்று பொய்.

பிற்காலத்தைக் காட்டிக்கொடுக்கும் குறிகள் இன்னும் வெளிப்படையானவை. கிழக்கு ஜெர்மனியின் மக்கள் உடைமை ஆலைகளைக் குறிக்கும் 'ஃபவ்.ஏ.பே.' என்ற மூன்று எழுத்து இருந்தால் அது போருக்குப் பிந்தியது. நேட்டோ நாடுகளின் 13 இலக்கப் பொருள் எண்ணில் முதல் நான்கு இலக்கங்களை அடுத்து நாட்டின் குறியீடு வரும். ஜெர்மனிக்கு அது 12. தயாரிப்பாளர் முகவரியில் நான்கு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அந்தச் சீட்டு 1961-க்குப் பிந்தியது. ஐந்து இலக்கம் என்றால் 1993-க்குப் பிந்தியது. இந்தச் சீட்டுகளைப் போலிக்காரர்கள் கத்தரித்துவிடுவார்கள். கத்தரித்த இடத்தில் நான்கு மூலையிலும் தையல் துளைகளும், சீட்டின் அளவுக்கு அழுக்குப் படியாத ஒரு செவ்வகமும் எஞ்சும். இல்லாத சீட்டும் சாட்சி சொல்லும்.

வியர்வையையும் கவனிக்க வேண்டும். தோலாலோ மெழுகுத் துணியாலோ ஆன நெற்றிப் பட்டையில் படிந்த வியர்வைக் கறை, பட்டையைத் தாண்டி அடியில் உள்ள துணிக்கும் நூலுக்கும் பரவியிருக்கும். பட்டை மட்டும் கறுத்து அதன் அடித்துணி புத்தம் புதிதாக இருந்தால், வேறொரு தொப்பியின் பட்டையை இங்கே கொண்டுவந்து தைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

இப்போது துணிக்கும் நூலுக்கும் வருவோம். இங்கே அறிவியல் மிக உறுதியான தீர்ப்பைத் தருகிறது. அதே சமயம் அரைகுறை அறிவு பெரிய தவறுக்கும் இடமளிக்கிறது. பாலியெஸ்டர் இழையை இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் 1941-இல் கண்டுபிடித்தார்கள். அது துணியாகச் சந்தைக்கு வந்தது 1950-களில்தான். ஒரு ஜெர்மன் போர்க்காலத் தொப்பியின் மூலத் தையலில் பாலியெஸ்டர் நூல் இருக்க வழியே இல்லை. உள்ளே தானாகப் பிரிந்து தொங்கும் ஓர் இழையைத் தீயில் காட்டினால் விடை தெரியும். கம்பளி, மயிர் கருகும் நாற்றம் வீசிப் பொடியாக உதிரும். பாலியெஸ்டர் உருகி, ஆறியதும் கடினமான மணியாக இறுகும். ஆனால் 'செயற்கை இழை இருந்தாலே போலி' என்று சொல்லிவிடக் கூடாது. கம்பளித் தட்டுப்பாட்டால் ஜெர்மனி மரக்கூழிலிருந்து செய்த ரேயான் இழையைப் போருக்கு முன்பிருந்தே சீருடைத் துணியில் கலந்தது. நைலானின் உறவினரான பெர்லோனைப் பவுல் ஷ்லாக் 1938-இலேயே கண்டுபிடித்துவிட்டார். எந்த இழை எந்த ஆண்டில் பிறந்தது என்று தெரியாமல் தீக்குச்சியை மட்டும் உரசிப் பயனில்லை.

புறஊதா விளக்குச் சோதனையும் அப்படியே. துணியை வெண்மையாகக் காட்டும் ஒளிர்விப்பான் வேதிப்பொருள்கள் சலவைத்தூளில் பரவலாகக் கலந்தது போருக்குப் பிறகு. அவை கலந்த நூல் புறஊதா ஒளியில் நீலவெண்மையாகச் சுடர்விடும். ஆகவே சுடர்விட்டால் போலி என்று ஒரு சூத்திரமே சேகரிப்பாளர்களிடையே உலவுகிறது. அசல் போர்க்கால வெள்ளைத் தொப்பி ஒன்றை, மாலுமியின் குடும்பத்தார் 1970-இல் நல்ல சலவைத்தூள் போட்டுத் துவைத்திருந்தால்? அதுவும் சுடர்விடும். மாறாக, ஒளிர்விப்பான் சேர்க்காத நூலைத் தேடி வாங்கித் தைத்த நேற்றைய போலி இருளில் அமைதியாகவே இருக்கும். வெளித்துணி முழுதும் ஒரே சீராகச் சுடர்ந்தால் அது சலவையாக இருக்கலாம். துவைக்க முடியாத உள்மடிப்புக்குள் தையல் நூல் மட்டும் தனியாகச் சுடர்ந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இந்தச் சோதனைகள் எவ்வளவு பெரிய பொய்யையும் வீழ்த்தும் என்பதற்கு 1983-இல் ஓர் உலகப் புகழ்பெற்ற சான்று கிடைத்தது. ஜெர்மனியின் 'ஷ்டெர்ன்' இதழ் 93 லட்சம் மார்க் கொடுத்து ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று 60-க்கும் மேற்பட்ட தொகுதிகளை வாங்கி, ஏப்ரல் 25-ஆம் தேதி பெருமையுடன் அறிவித்தது. பேர்போன வரலாற்றாசிரியர்களும் முதலில் நம்பினார்கள். மே 6-ஆம் தேதி ஜெர்மன் அரசு ஆவணக்காப்பகம் அவை போலி என்று அறிவித்தது. தாளில் போருக்குப் பிந்தைய ஒளிர்விப்பான் இருந்தது. கட்டுமானத்தில் பாலியெஸ்டர் இழை இருந்தது. ஹிட்லரின் பெயரின் முதல் எழுத்தைக் குறிக்க அட்டையில் ஒட்டிய முறுக்கெழுத்தும் தவறான எழுத்து. 'ஏ' வர வேண்டிய இடத்தில், பார்வைக்கு அதை ஒத்த 'எஃப்' இருந்தது.

அந்த நாட்குறிப்புகளை எழுதிய கொன்ராட் குயாவ் முதலில் யார் தெரியுமா? ஸ்டுட்கார்ட் நகரில் நாஜிக் காலத்துச் சீருடை, பதக்கம், தொப்பி, தலைக்கவசம் விற்றவர். சாதாரணமான பழைய பொருளை எடுத்து, இது இன்ன பிரமுகர் அணிந்தது என்று தானே ஒரு சான்றிதழ் எழுதி, விலையைப் பல மடங்கு உயர்த்திய கைதான் பின்னாளில் நாட்குறிப்பும் எழுதியது. தொப்பியோடு வரும் கடிதம், சான்றிதழ், 'என் தாத்தா நீர்மூழ்கியில் இருந்தார்' என்ற கதை ஆகிய எல்லாவற்றையும் தொப்பியைச் சோதிப்பது போலவே சோதிக்க வேண்டும் என்பது அந்த வழக்கு தந்த பாடம். மாலுமியின் படைப்பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணும் தொப்பிக்குள் மையில் உள்ள எண்ணும் ஒத்திருந்தால் அது சாட்சி. கதை மட்டும் இருந்தால் அது கதைதான்.

இதுவரை சொன்னவற்றைக் கேட்டால், போர்க்காலம் ஒருபுறம், பிற்காலம் மறுபுறம் என்று கோடு போட்டுப் பிரித்துவிடலாம் போலத் தோன்றும். வரலாறு அப்படிக் கோடு போடவில்லை. 1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தபோது வடகடலிலும் பால்டிக்கிலும் கண்ணிவெடிகள் ஏராளமாக இருந்தன. அவற்றை அகற்ற, பிரிட்டிஷ் கட்டுப்பாட்டின் கீழ் ஜூன் மாதம் ஒரு கண்ணி அகற்றும் நிர்வாகம் உருவானது. முன்னாள் க்ரீக்ஸ்மரீன படையினர் சுமார் 27,000 பேர், ஏறத்தாழ 300 கலங்களில் 1948 தொடக்கம் வரை அந்த ஆபத்தான வேலையைச் செய்தார்கள். அவர்கள் அணிந்தது பழைய சீருடையே. ஸ்வஸ்திகா மட்டும் நீக்கப்பட்டது.

அப்படியானால் 1943-இல் தைத்து, 1946-இல் கழுகு நீக்கி அணிந்த தொப்பி எந்தக் காலத்தது? இரண்டு காலத்துக்கும் உரியது என்பதே நேர்மையான விடை. அதன் நெற்றியில் உள்ள இரண்டு வெற்றுத் துளைகள், ஒரு கொடிய ஆட்சியின் முடிவையும், அது கடலில் விட்டுச்சென்ற மரணத்தை அதே மாலுமிகள் தேடி அகற்றியதையும் சொல்கின்றன. சந்தையில் இந்தத் தொப்பிக்கு நேர்வது வருத்தமானது. 'முழுமையாக்குகிறோம்' என்று ஒரு கழுகை வாங்கி அந்தத் துளைகளில் குத்திவிடுகிறார்கள். கழுகு அசலாகவே இருக்கலாம், தொப்பியும் அசல்தான். ஆனால் இரண்டும் சேர்ந்து சொல்வது பொய். அழிந்துபோன சான்று திரும்ப வராது.

திரைப்படங்களுக்கும் வரலாற்று நிகழ்த்துகைகளுக்கும் நகல் செய்வதில் தவறில்லை. வோல்ஃப்காங் பீட்டர்சன் 1981-இல் எடுத்த 'டாஸ் போட்' படத்துக்குப் பிறகு ஜெர்மன் கடற்படை உடைகள் மீது உலகெங்கும் ஆர்வம் பெருகியது, நகல்களும் பெருகின. நகல் என்று சொல்லி விற்கும் வரை அது நேர்மையான தொழில். கைமாறும்போது இரண்டாவது, மூன்றாவது உரிமையாளர் அந்த ஒரு சொல்லை விட்டுவிடும்போதுதான் அது மோசடியாகிறது.

இவ்வளவு நுணுக்கம் ஒரு தொப்பிக்குத் தேவையா என்று கேட்கலாம். தேவை. இந்தத் தொப்பி அணிந்தவர்கள் லட்சக்கணக்கானோரைக் கொன்ற அரசின் படையினர். அவர்களுடைய உடைமை அருங்காட்சியகத்தில் இருக்கும்போது அது குற்றத்தின் சான்றாகவும், அந்தக் குற்றத்துக்குள் இழுக்கப்பட்ட இளைஞர்களின் சான்றாகவும் நிற்கிறது. சான்று போலியானால், நடந்ததே இல்லை என்று சாதிப்பவர்களுக்கு நாமே கதவைத் திறந்துவிடுகிறோம். ஜெர்மனியின் தண்டனைச் சட்டம், 86ஏ பிரிவில், ஸ்வஸ்திகாவைப் பொதுவில் காட்டுவதைத் தடைசெய்கிறது. ஆய்வுக்கும் கல்விக்கும் கலைக்கும் விலக்கு அளிக்கிறது. அந்த விலக்குக்கு நியாயம் சேர்ப்பது உண்மையான பொருளும் உண்மையான விவரக்குறிப்பும்தான்.

ஒப்பிட்டுக் கற்க விரும்புவோருக்கு வழிகள் உண்டு. 1944 ஜூன் 4-ஆம் தேதி அமெரிக்கர் கடலில் கைப்பற்றிய யு-505 நீர்மூழ்கி 1954 முதல் சிகாகோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கீல் அருகே லாபோவில் யு-995 நிற்கிறது. ஜெர்மன் அரசு ஆவணக்காப்பகம் 2008-இல் 80,000-க்கும் மேற்பட்ட புகைப்படங்களை இணையத்தில் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்டது. அவற்றில் தேதியிட்ட படங்களில் மாலுமிகளின் நெற்றியை உருப்பெருக்கிப் பார்க்கலாம்.

அவையோருக்கு வேண்டுகோள் ஒன்று உண்டு. உங்களிடமோ உங்களுக்குத் தெரிந்தவரிடமோ, வெளிநாட்டிலிருந்து வந்த இப்படிப்பட்ட தொப்பி இருந்தால், முதலில் எதையும் கழற்றாதீர்கள், துவைக்காதீர்கள், குறைந்ததைச் சேர்க்காதீர்கள். வெளியையும் உள்ளையும் நாடாவின் பின்புறத்தையும் படமெடுங்கள். யாரிடமிருந்து எப்போது வந்தது என்பதை ஒரு தாளில் எழுதித் தொப்பியோடு வையுங்கள். விற்கவோ கொடுக்கவோ நேர்ந்தால் அந்தத் தாளையும் சேர்த்தே கொடுங்கள்.